பைப்புக்குள் பூச்சி

கண்ணன் விரலை நீட்டியபோது நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“பைப் வாயில கம்பி கீறிடுச்சு செல்வி. டெட்டால் எங்க இருக்கு?”

சோறு ஆறிப்போன பிறகு வந்து நிற்பதுதான் என் வீட்டுக்காரரின் வழக்கம். அன்று பசி வேளைக்கு முன்னாலேயே பைக் சத்தம் கேட்டது எனக்கு ஆச்சரியம். வலது கை நடுவிரலில் ஒரு கீறல், அதன் முனையில் பொட்டு வைத்ததுபோல ஒரு சிவப்பு. விரல் கொஞ்சம் வீங்கியிருந்தது.

“கையுறை வாங்கிக் குடுத்தேனே, அத அலமாரில வச்சு மாலை போடுதியளா?” என்று ஆரம்பித்தேன். எனக்கு வாய் நீளம். கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு அது தெரியும், தெரிந்துதான் கட்டிக்கொண்டார். அதனால் என் ஏச்சை ரேடியோபோலக் கேட்டுக்கொண்டே டெட்டாலைத் தேடினார்.

“அப்புறம் திட்டு. இப்ப ஒரு நல்ல சேதி. பைப்புக்குள்ள பூச்சி வந்தாச்சு!”

கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

“யாரு சொன்னா?”

“பெருமாள்சாமி அண்ணாச்சி. காலைல போனதுமே சொன்னாரு. நானும் கைய விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒண்ணும் சிக்கல. கம்பிதான் கீறுச்சு.”

“அவரு சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க.”

“பைப்புக்குள்ள பூச்சி அடைஞ்சிருக்கு மாப்ள, நல்லதா என்னன்னு தெரியலன்னாரு. நல்லதுதான், யாரும் கலைக்காதீங்கன்னேன். ஏன் அப்படிப் பார்க்குற?”

எங்கள் பக்கத்துப் பேச்சு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பாம்பைப் பாம்பு என்று சொல்வதில்லை. பேர் சொன்னால் எதிரே வந்து நிற்கும் என்று பயம். பூச்சி என்போம். அதிலும் படமெடுக்கிற நாகமாக இருந்தால் அதற்குப் பேர் ‘நல்லது’. சங்கரன்கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி வளர்ந்தவர்களுக்கு அதை அடிக்க மனம் வராது, பேர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வராது. கண்ணன் சென்னை வியாசர்பாடிக்காரர். அங்கே பூச்சி என்றால் பூச்சி. நல்லது என்றால் நல்லது.

அவர் பல நாளாகப் பூச்சிக்குக் காத்துக்கிடந்தார் என்பதுதான் கொடுமை. மீன்வளம் படித்தவர். பனவடலிசத்திரத்தில் என் அப்பா விட்டுச்சென்ற புஞ்சையில் ஒரு குளம் வெட்டிக்கொண்டிருந்தார். மீன் வளர்த்து எடைபோட்டு விற்கிற குளம் இல்லை. திருநெல்வேலி, மதுரை ஆட்கள் காரில் வந்து, நாள் முழுக்கத் தூண்டில் போட்டு, பிடித்த மீனுக்கு முத்தம் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிற குளம். கேட்டதும் ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

குளத்தைத் தட்டுபோலச் சமமாக வெட்டிவிட்டால் அதில் மீன் மிரண்டுகொண்டேதான் கிடக்குமாம். நடுவில் ஆழமான மடு, ஓரத்தில் முட்டையிடப் படிபோல ஒரு திட்டு, பட்டுப்போன பனைமரங்களைச் சாய்த்துப் போட்டு நிழல், கருவேல முள்ளைக் கட்டுக்கட்டாகக் கல்லில் கட்டிக் குஞ்சுகளுக்கு ஒரு காடு என்று ராத்திரியெல்லாம் வரைந்தார். விரால் மீனுக்கென்று சிமெண்ட் பைப்புகளை மடுவின் கரையில் அடுக்கினார். “ஒளிய இடம் இருந்தாத்தான் விரால் பயமில்லாம வெளிய வரும்” என்பார். பைப்பில் பாசி பிடித்து, பாசிக்குப் பூச்சி வந்து, பூச்சிக்குப் பொடிமீன் வந்து, பொடிமீனுக்கு விரால் வரவேண்டும். “முதல்ல பூச்சி வரணும், அப்புறம்தான் மீன்” என்று வேலையாட்களிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் மடுவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தவளை கத்தத் தொடங்கியது. தவளைக்குப் பின்னால் என்ன வரும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நான் பெருமாள்சாமி அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டேன். அவர்தான் குளத்து வேலைக்கு மேஸ்திரி, என் அப்பாவின் கூட்டாளி.

“அண்ணாச்சி, பைப்புக்குள்ள கிடக்கது என்னது?”

“நல்லதுதான் மக்கா. இப்பதான் தலையத் தூக்கிப் பார்த்துட்டு உள்ள போச்சு. மாப்ள சொன்னபடி ஒருத்தனும் கிட்டப் போகல.”

“இவுக அதுக்குள்ள கைய விட்ருக்காக அண்ணாச்சி.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கண்ணன் கையைத் துடைத்துவிட்டுத் தட்டை எடுத்துவைத்திருந்தார். நான் தட்டைப் பிடுங்கினேன். “அது பூச்சி இல்ல. பாம்பு” என்றேன். என் வாயால் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாகச் சொன்னது அன்றுதான்.

அவர் சிரித்தார். “பாம்பு கடிச்சா தெரியாதா? கம்பி செல்வி. நான் பார்த்தேன்.”

“கம்பியப் பார்த்தியளா, கம்பி கீறுனதப் பார்த்தியளா?”

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது, எடுத்துவைக்க மறந்ததுபோல.

ஆட்டோவில் அவர் கையை மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டேன். துணியால் இறுக்கிக் கட்டக்கூடாது என்று எப்போதோ படித்தது ஞாபகம் இருந்தது. சரியாகத்தான் படித்தேனா என்று சந்தேகமும் வந்தது. சங்கரன்கோவில் தேரடி தாண்டுவதற்குள் ஆட்டோக்காரரை நான் ஏசிய ஏச்சுக்கு அவர் நடுத்தெருவில் இறக்கிவிட்டிருக்கலாம். நல்ல மனிதர், ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

டாக்டர் நஸ்ரின் பானு என்னைவிடச் சின்னப் பெண். பதறாமல் பேசினார். அவரது பதறாத முகம் முதலில் எனக்குத் தைரியமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே பயமாகவும் இருந்தது.

“ஒரு பல் மட்டும் பட்டிருக்கலாம். வெறும் கீறலாவும் இருக்கலாம். கடிச்சாலும் விஷம் ஏறியே ஆகணும்னு இல்ல. இப்போதைக்குப் பார்த்துட்டே இருப்போம்” என்றார்.

கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் நிறுத்திவைத்தார்கள். நான் கட்டிலுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் நின்றேன். நேரம் போய், நர்ஸ் அதைச் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் உறைந்து கட்டியாக நின்றது. “உறைஞ்சிட்டும்மா” என்றார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண்ணன் தலையில் செல்லமாக ஒரு குட்டுக்கூட வைத்தேன். “இருங்க, குழம்ப வேற அடுப்புலயே விட்டுட்டு வந்தேன், தீஞ்சு போயிருக்கும்” என்று சிரித்தேன்.

“இன்னும் முடியல” என்றார் டாக்டர். “ரத்தம் உறைஞ்சா கண்ணாடிவிரியன் இல்லைன்னு வச்சுக்கலாம். நாகம் ரத்தத்துல வேலை செய்யாது. நரம்புல செய்யும். அவரு கண்ணையே பாருங்க. இமை இறங்குனா, பேச்சு குழறுனா உடனே கூப்பிடுங்க.”

இமை இறங்கினால்! கண்ணனுக்குப் பிறவியிலேயே தூங்குமூஞ்சிக் கண். எங்கள் கல்யாண போட்டோவில் தாலி கட்டுகிற நேரத்தில்கூட அரைத்தூக்கத்தில் இருப்பவர்போலத்தான் இருப்பார். பாதி மூடிய கண் இன்னும் எவ்வளவு மூடினால் விஷம் என்று நான் எதை வைத்து அளப்பேன்? கட்டிலோரத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, இமை கொட்டாமல் பார்த்தேன்.

“இப்படிப் பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கு” என்றார்.

“வாய மூடுங்க. இல்ல, மூடாதிய. பேசிக்கிட்டே இருங்க. குழறுதான்னு பாக்கணும்.”

பேசினார். வேறு என்ன பேசுவார்? குளத்தைத்தான் பேசினார். பனைமரத்தைக் கரையோடு ஒட்டிப் போட்டது தப்பாம், தூண்டில் மாட்டிக்கொள்ளுமாம். வடக்குக் கரையில் முள்கட்டு இன்னும் இரண்டு போடவேண்டுமாம். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் நான் நகைக்கடைத் தராசில் வைப்பதுபோல வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொட்டாவி விட்டார். அதற்கு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அப்போது பெருமாள்சாமி அண்ணாச்சி வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றார். காலில் குளத்துச் சேறு காயவில்லை. நான் எழுந்துபோய், அவர் வயதைக்கூடப் பார்க்காமல், “உங்களுக்குக் கூறு இல்லையா அண்ணாச்சி? பாம்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?” என்று கத்தினேன்.

“பூச்சின்னு சொன்னேனே மக்கா.” “மாப்ள தினமும் பூச்சி வரணும், பூச்சி வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. கோயில்ல ஏதோ வேண்டிருக்காக போலன்னு நாங்க நெனச்சோம். இன்னைக்கு நான் போய்ச் சொன்னதும் அவுக மூஞ்சியப் பாக்கணுமே, அப்படி ஒரு சந்தோசம். நல்லதுதான், கலைக்காதீங்கன்னாக. மெட்ராஸ்காரருக்கு இம்புட்டுப் பக்தியான்னு பொம்பளைய எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டாளுவ. டீ குடிக்க அந்தப் பக்கம் போனோம். அந்த நேரத்துல கைய விடுவாகன்னு யாரு கண்டா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மாதமாக அந்த ஆட்கள் இவரைச் சாமியாடி ரகத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். இவரோ அவர்களிடம் பாசியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்தாரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பின்னாலிருந்து கண்ணன் கூப்பிட்டார்.

“செல்வி, கூட யாரு வந்திருக்கா?”

“அண்ணாச்சிதான்.”

“அவரு தெரியுது. பக்கத்துல அவரு மாதிரியே இன்னொருத்தரு நிக்கிறாரே, அவரு தம்பியா?”

வாசலில் பெருமாள்சாமி மட்டும்தான் நின்றிருந்தார்.

டாக்டர் சட்டென்று எழுந்து கண்ணனின் முகத்தருகே குனிந்தார். “மேல பாருங்க. கூரையப் பாருங்க சார்.” கண்ணன் நெற்றியைச் சுருக்கி முயன்றார். புருவம் மட்டும் ஏறியது. இமை இரண்டும் எழவில்லை. “பார்த்துட்டுதானே இருக்கேன்” என்றார். அந்தக் குரல் மூக்கால் வந்தது. அது என் வீட்டுக்காரரின் குரலே இல்லை.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். நான் காலடியில் நின்று அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன், அங்கேதான் எனக்கு இடம் கிடைத்தது. எச்சில் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. துடைக்கப்போன என்னை அவர் பார்க்கவில்லை, கண் ஒட்டிவிட்டது. மூச்சு மேலோட்டமாகியது, நாய்க்குட்டி தூங்கும்போது வயிறு அசையுமே, அந்த அளவுக்குத்தான். டாக்டர் நஸ்ரின் பானு தொண்டைக்குள் குழாய் இறக்கினார். வேர்வை அவர் மூக்கு நுனியில் நின்றது.

“மருந்து வேலை செய்யும். ஆனா அதுவரைக்கும் மூச்சு அவரா விடமாட்டாரு, நாமதான் விடணும். மெஷின் இருக்கிற இடத்துக்குப் போயிடுங்க, பாளையங்கோட்டைக்கு” என்றார். பிறகு என் தோளைப் பிடித்துச் சொன்னார்: “ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. அவரு மயக்கத்துல இல்ல. உடம்புதான் அசையாது. காது நல்லாக் கேட்கும்.”

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நினைவு தப்பிக் கிடந்தால்கூடத் தேவலை. உள்ளே விழித்துக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல், அந்த இருட்டில் அவர் தனியாகக் கிடக்கிறார்.

ஆம்புலன்சில் ரிபாயி என்று ஒரு தம்பி. குழாய் முனையில் பலூன்போல ஒரு பை. அதை அமுக்கினால் கண்ணனின் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். ஊரைத் தாண்டும்வரை அவனே அமுக்கினான். பிறகு டிரிப்பைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. “அக்கா, இதப் பிடிங்க. நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க. நிறுத்திறாதீங்க” என்று என் கையில் வைத்தான்.

வாங்கிக்கொண்டேன். என் கையில் இருந்தது அவருடைய மூச்சு. இதைவிடக் கனமான எதையும் நான் தூக்கியதில்லை.

“பேசுங்கக்கா” என்றான் ரிபாயி. “பேச்சுக் குடுத்தா நல்லது.”

என்ன பேச? நல்லதாக நாலு வார்த்தை பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது? ஏச்சுதான் வந்தது.

“வே, கேக்குதா? உம்மத்தான்! மீனுக்கு வீடு கட்டப்போறேன்னு வந்தீரே, யாரு வந்து குடியேறுனான்னு பாத்தீரா? வாடகை குடுக்காத ஆளு! கைய விட்டுத் துழாவுனீராமே, உம்ம வீட்டுல பீரோவுக்குள்ள சாவி தேடுனீரா? நீரு மட்டும் கண்ணத் திறக்காமப் போனீருன்னா, அந்தக் குளத்த மூடி மொளகா போட்டுருவேன். பனைமரத்த எல்லாம் அடுப்புக்கு வச்சுருவேன். கேக்குதா வே?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் மரியாதையில்லாமல் ‘வே’ என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் எழுந்து சண்டைக்கு வரமாட்டாரா என்றிருந்தது. அமுக்கினேன், விட்டேன். பனவடலிசத்திரம் வேகத்தடையில் வண்டி குதித்தது. இடதுபக்கம் எங்கேயோ எங்கள் குளம். கண்ணாடியில் வெள்ளை பூசியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. “நம்ம குளத்தத் தாண்டுதோம்” என்று சொன்னேன். அமுக்கினேன், விட்டேன். அம்மா போட்ட சங்கிலியை அடகு வைக்கவேண்டாம் என்று நான் சண்டை போட்டதிலிருந்து, அவர் மாமியார் வீட்டில் இட்லிக்குச் சீனி கேட்டதுவரை எல்லாவற்றையும் இழுத்துவைத்து ஏசினேன். தொண்டை கட்டிவிட்டது. ரிபாயி பையைக் கேட்டபோது கொடுக்க மறுத்தேன்.

மானூர் பக்கம் வந்தபோது அவர் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. முகத்தைப் பார்த்தேன். வாய் ஓரமாகத் திறந்து, தாடை தொங்கி, இமை ஒட்டி, இறந்தவர்களைக் குளிப்பாட்டுமுன் பார்ப்போமே, அந்த முகம். நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் அதை ஏற்றி இறக்குவது நான்தானே! நான் அமுக்குவதால் ஏறுகிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று அது எப்படிச் சொல்லும்? ரிபாயி எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தான். அவனிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

நான் பேச்சை நிறுத்தினேன். கை மட்டும் அமுக்கியது, விட்டது. சைரன் கத்திக்கொண்டே இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. தச்சநல்லூர்ப் பாலத்தில் வண்டி திரும்பியபோது ரிபாயி நிமிர்ந்து, “பல்ஸ் நல்லா இருக்குக்கா, இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. திரும்பவும் ஏசத் தொடங்கினேன்.

பாளையங்கோட்டையில் மெஷின் என் கையிலிருந்து அவர் மூச்சை வாங்கிக்கொண்டது. முதலில் புருவம் அசைந்தது. பிறகு கால் விரல். பிறகு ஒரு காலையில் கண்ணைத் திறந்து, பாதி மூடிய அந்தத் தூங்குமூஞ்சிக் கண்ணால் என்னைப் பார்த்தார். குழாயை எடுத்த அன்று ஒரு கரண்டி தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். விழுங்கினார். குரல் சருகுபோல வந்தது.

“எல்லாம் கேட்டுச்சு செல்வி. மொளகா போடுறேன்னது, சங்கிலி, இட்லி, எல்லாம். நீ திட்டுறது கேட்டுக்கிட்டிருந்த வரைக்கும் எனக்குப் பயமே இல்ல.”

“சும்மா இருங்க. தொண்டை புண்ணாயிருக்கும்.”

“நடுவுல திடீர்னு பேச்ச நிறுத்திட்ட. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்பதான்…” என்று இருமினார். “அப்பதான் சரி, செத்துட்டோம்னு நெனச்சேன்.”

நானும் அப்போது அதைத்தான் நினைத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி தண்ணீரை வாயில் விட்டேன்.